கொலைக் கதை கேட்டால்தான் தூக்கம் வருகிறது. எனக்கு மட்டும்தானா?

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்) | இரவு 11.42

நேற்று என் தங்கை என் போனை நோண்டிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீ கடைசியாகக் கேட்ட இருபது நிகழ்ச்சியில் பத்தொன்பது கொலை. உனக்கு ஏதாவது பிரச்சினையா?" மீதி ஒன்று என்னவென்று ஆவலாகப் பார்த்தேன். ஆள் காணாமல் போன வழக்கு.

நான் பயந்த சுபாவம். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட ஆள் கூப்பிடுவேன். சினிமாவில் ரத்தம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் விளக்கை அணைத்ததும் காதோரம் ஒரு நிதானமான குரல் "அன்று மாலை அவள் வீடு திரும்பவில்லை" என்று ஆரம்பித்தால்தான் உடம்பு தளர்கிறது. கொலையாளி பிடிபடும் முன்பே தூங்கிவிடுகிறேன். டெட் பண்டி என்ற அமெரிக்கத் தொடர்கொலைகாரன் 1977-இல் இரண்டு முறை தப்பினான், முதலில் நீதிமன்ற நூலக ஜன்னல் வழியாகக் குதித்து, பிறகு சிறைக் கூரையில் ஓட்டை போட்டு, என்றெல்லாம் அர்த்த ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்தப் பெரியப்பா மகனின் பிறந்தநாள் தெரியாது.

இது என்ன வியாதி? உங்களில் யாருக்காவது இருக்கிறதா? அறிவுரை வேண்டாம், அதற்கு அம்மா இருக்கிறார்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 11.58

வியாதி என்றால் மிகப் பழைய வியாதி, தோழி. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் லியோன்டியஸ் என்று ஒருவன் வருகிறான். நடந்து போகும்போது மதிலோரம், தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை, அதே சமயம் அருவருப்பு. முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் போராடுகிறான். கடைசியில் தோற்றுப்போய், கண்களை அகல விரித்து ஓடிப்போய்ப் பார்க்கிறான். பார்த்துக்கொண்டே தன் கண்களைத் திட்டுகிறான், "இந்தாங்கடா பாவிகளா, ஆசை தீரப் பாருங்க" என்கிற தோரணையில். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. உங்கள் தங்கை போனைப் பிடுங்கியபோது உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவன் மூலமாக எனக்குத் தெரிகிறது.

அச்சு வந்தபின் இது வியாபாரமாயிற்று. நம் மொழியில் கொலைச்சிந்து என்று மலிவுத்தாள் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. இன்ன ஊரில் இன்னாரை இன்னார் வெட்டிய கதையைப் பாடிக்கொண்டே விற்பார்கள். இங்கிலாந்தில் 1828-இல் வில்லியம் கார்டர் என்பவனைத் தூக்கிலிட்டார்கள். காதலியைக் கொன்று ஒரு தானியக் கொட்டகையில் புதைத்தவன். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்தக் கொட்டகைப் பலகைகளை நினைவுப்பொருளாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கொல்லப்பட்ட பெண்ணின் கல்லறைக் கல்லைக்கூடச் சுரண்டிச் சுரண்டி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். அவனுடைய தோலால் அவனது வழக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள். பாட்காஸ்ட் கேட்பது எவ்வளவோ தேவலாம்.

கயல்_இரண்டாமவள் | இரவு 12.10

எனக்கும் அதே வியாதிதான். ஆனால் அது வேடிக்கை பார்க்கும் ஆசை மட்டும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த மாதிரிக் கதைகளை அதிகம் நாடுவது பெண்கள். 2010-இல் அமன்டா விக்கரி, கிறிஸ் ஃபிரேலி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். போர் பற்றிய நூலையோ ரவுடிக் கும்பல் பற்றிய நூலையோ ஒரு பக்கமும், பெண்கள் கொல்லப்பட்ட உண்மை வழக்கு நூலை இன்னொரு பக்கமும் வைத்தால், பெண்கள் இரண்டாவதை அதிகம் எடுக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த பகுதி: பாதிக்கப்பட்டவள் ஏதோ ஒரு தந்திரம் செய்து தப்பித்தாள் என்று நூல் அறிமுகத்தில் ஒரு வரி இருந்தால் பெண்களின் ஆர்வம் இன்னும் கூடுகிறதாம்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இரவில் தனியாக நடக்கும்போது சாவியை விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு நடப்பவள் நான். வண்டி எண்ணைத் தோழிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏறுவேன். அந்தப் பயத்துக்கு இது ஒத்திகை. தூக்கம் வருவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளியே இருக்கும்போது பயத்துக்கு உருவமே இல்லை. கதையில் அதற்கு ஒரு பெயர், ஒரு கார், ஒரு தேதி, கடைசியில் ஒரு கைவிலங்கு.

கணக்குப்பிள்ளை | இரவு 12.31

கயல் அவர்களே, ஒத்திகை சரி, ஆனால் தப்பான நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறீர்கள்.

ஓராண்டில் நடக்கும் மொத்தக் கொலைகளில் தொடர்கொலைகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எஃப்.பி.ஐ.யே சொல்கிறது. இரண்டு பேரைத் தனித்தனிச் சமயத்தில் கொன்றாலே தொடர்கொலைகாரன் என்று அவர்கள் கணக்கு வைத்தும் அவ்வளவுதான். உலக அளவில் கொல்லப்படுபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்கள். அவர்களைப் பற்றி யாரும் பத்துப் பகுதி நிகழ்ச்சி தயாரிப்பதில்லை. பெண்களைப் பொறுத்தவரை ஐ.நா. 2022-க்குக் கொடுத்த கணக்கு: கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 89,000. அதில் சுமார் 48,800 பேரைக் கொன்றது கணவன், காதலன், அல்லது குடும்பத்து ஆள்.

சாவியை விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். புள்ளிவிவரப்படி ஆபத்து, அந்தச் சாவியால் திறக்கும் கதவுக்கு உள்ளே.

கயல்_இரண்டாமவள் | இரவு 12.44

அண்ணா, கணக்கு உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டீர்களா. நான் கேட்பதில் பாதிக்கு மேல் கணவன் வழக்குகள்தான். முகமூடிக்காரன் எப்போதாவது வருவான், கணவன் வாராவாரம் வருகிறான்.

ஒன்று சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி, தன் காதலன் தினமும் வேலை முடிவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பதைப் பெருமையாகச் சொல்வாள். போனில் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அவனுக்கு வழி செய்து கொடுத்திருந்தாள். பழைய தோழிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மற்றவர்கள் "எவ்வளவு அன்பு" என்றார்கள். எனக்கு மட்டும் அடிவயிற்றில் ஏதோ செய்தது, ஏனென்றால் இதே வரிசையை அதற்கு முன் முப்பது தடவையாவது காதில் கேட்டிருந்தேன். அவளிடம் பேசினேன். முதலில் கோபித்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், வேறு ஊரில்.

முடிச்சு | இரவு 12.59

எனக்குப் பயமும் இல்லை, ஒத்திகையும் இல்லை. விடை வேண்டும், அவ்வளவுதான். குறுக்கெழுத்துப் போடுகிற ஆட்களுக்குப் புரியும்.

ஸோடியாக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிடிபடாமலே போன ஒரு தொடர்கொலைகாரன். 1969-இல் பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதம் அனுப்பினான். 408 குறிகள் கொண்ட முதல் கடிதத்தை உடைத்தது போலீஸ் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும், வீட்டில் உட்கார்ந்து. அடுத்து வந்த 340 குறிக் கடிதம் 51 ஆண்டுகள் யாருக்கும் மசியவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் என்று மூன்று நாட்டில் இருந்த மூன்று பேர் கணினியும் பொறுமையுமாக அதை உடைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் வீட்டில் விசேஷம் மாதிரி இருந்தது.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். பெயர் இல்லை. விஷவாயு அறைக்குப் பயமில்லை, செத்தபின் அடிமைகள் கிடைப்பார்கள் என்ற உளறல். 51 வருஷம் பூட்டியிருந்த பெட்டிக்குள் பழைய துணி.

மட்டுறுத்துநர் | இரவு 1.02

சம்பவ இடப் படங்களை இணைக்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்றை நீக்கிவிட்டேன். பேச்சு நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

ராவணன்77 | இரவு 1.15

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். நேராகச் சொல்லட்டுமா? இவர்கள் சுவாரஸ்யமான ஆட்கள். சாதாரண ஆள் ஒரு பொய் சொன்னாலே மாட்டிக்கொள்கிறான். இவர்கள் வருஷக்கணக்கில் மொத்தப் போலீஸையும் சுற்றலில் விடுகிறார்கள். அந்த மூளையைப் பார்த்து ஒரு வியப்பு. அது பாராட்டு இல்லை, வியப்பு. செஸ் ஆட்டம் பார்ப்பது போல. நல்லவனைப் பற்றி யார் பத்து மணி நேரம் கேட்பார்கள்?

ஓரத்தில்_நிற்பவன் | இரவு 1.48

இதற்குப் பதில் எழுதாமல் படுக்கப் போனால் தூக்கம் வராது. ராவணன், கோபமில்லாமல் எழுதுகிறேன். பத்து வருஷம் முன்னால் நானும் இதே வார்த்தைகளில்தான் பேசினேன். பிறகு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு விசாரணை அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த மூளை எங்கேயும் அகப்படவில்லை.

இழையில் முதலில் வந்த பண்டியையே பார்ப்போம். கில்லாடி, சட்ட மாணவன், அழகன். 1975-இல் எப்படிப் பிடிபட்டான்? ரோந்து போன ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டுக் காரை மறித்தார். 1977-இல் ஜன்னல் வழியாகத் தப்பி ஆறு நாளில் எப்படிப் பிடிபட்டான்? திருடிய காரைத் தாறுமாறாக ஓட்டி. 1978-இல்? மறுபடியும் திருட்டுக் கார், மறுபடியும் ரோந்து. மூன்று தடவையும் கார் ஓட்டித்தான் மாட்டினான். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். 1979-இல் மரண தண்டனையிலிருந்து தப்ப ஓர் ஒப்பந்தம் கையில் இருந்தது, கடைசி நிமிஷத்தில் தானே அதைக் கெடுத்துக்கொண்டான். பத்து வருஷம் கழித்து மின்நாற்காலி. உங்கள் செஸ் ஆட்டக்காரர் இவர்தான். நியூயார்க்கையே நடுங்க வைத்த டேவிட் பெர்கோவிட்ஸ் சிக்கியது ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டில்.

அப்படியானால் இவ்வளவு காலம் எப்படித் தப்பினார்கள்? இங்கேதான் வயிற்றைப் பிசைகிறது.

கேரி ரிட்ஜ்வே. லாரிக்குப் பெயின்ட் அடிப்பது வேலை. 48 கொலைகளை 2003-இல் ஒப்புக்கொண்டான், பின்னர் ஒன்று சேர்ந்து 49. பெரும்பாலும் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுமிகள். ஏன் அவர்கள் என்று கேட்டதற்கு அவனே நீதிமன்றத்தில் சொன்னான்: காணவில்லை என்று யாரும் உடனே புகார் கொடுக்க மாட்டார்கள். அவன் பெயர் எண்பதுகளிலேயே போலீஸ் பட்டியலில் இருந்தது. 1987-இல் அவனிடம் எடுத்த எச்சில் மாதிரிதான் 2001-இல் டி.என்.ஏ. வழியாக அவனைக் காட்டிக்கொடுத்தது. நடுவில் பதினான்கு வருஷம்.

சாமுவேல் லிட்டில். 93 கொலை செய்ததாகச் சொன்னான். அமெரிக்க வரலாற்றிலேயே அதிகம் கொன்றவன் என்று எஃப்.பி.ஐ. அறிவித்த ஆள். இங்கே எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அவன் கொன்ற பல பெண்களின் சாவு, போதை மருந்து மிகுதி என்றோ விபத்து என்றோ எழுதி மூடப்பட்டிருந்தது. கொலை நடந்ததே யாருக்கும் தெரியாது. போலீஸைச் சுற்றலில் விட அவன் எந்த மூளையையும் செலவழிக்கவில்லை, ஏனென்றால் போலீஸ் வரவே இல்லை.

ஜெஃப்ரி டாமர் என்ற அமெரிக்கத் தொடர்கொலைகாரனின் வழக்கில் இன்னும் கேவலம். 1991 மே மாதம், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 14 வயதுப் பையன் உடையில்லாமல் தெருவுக்குத் தப்பி வந்துவிட்டான். அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பெண்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். வந்தவர்களிடம் டாமர், "என் காதலன், பத்தொன்பது வயது, குடித்திருக்கிறான்" என்றான். அந்தப் பெண்கள் கத்தக் கத்த, போலீஸ்காரர்கள் பையனை அவன் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டார்கள். பக்கத்து அறையில் வேறொரு சடலம் கிடந்தது, எட்டிப் பார்க்கவில்லை. டாமர் அப்போது இன்னொரு குற்றத்துக்காக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன். ஒரு தடவை பெயரைச் சரிபார்த்திருந்தால் போதும். அன்று அந்தப் பையனையும், அதன்பின் இன்னும் நான்கு பேரையும் கொன்றான். சொல்லுங்கள், இந்தக் கதையில் புத்திசாலி யார்? கத்திய அந்தப் பெண்கள்தான்.

கடைசியாக ஹரோல்ட் ஷிப்மன். இங்கிலாந்தில் குடும்ப டாக்டர். ஊசி போட்டே கொன்றான். 2000-ஆம் ஆண்டு 15 கொலைகளுக்குத் தண்டனை. பிறகு நடந்த விசாரணைக் குழு மொத்தம் 250 பேர் இருக்கலாம் என்றது. எண்ணிக்கையில் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன். வழக்கமாகத் தன் வண்டியில் வரும் வயதான அம்மாக்கள் ஒவ்வொருவராக இறந்துபோவதைக் கவனித்து ஒரு டாக்ஸி ஓட்டுநர் பட்டியல் வைத்திருந்தார். கடைசியில் ஷிப்மன், தான் கொன்ற ஒரு நோயாளியின் சொத்து தன் பெயருக்கு வருகிற மாதிரி ஒரு போலி உயில் தட்டச்சு செய்தான். இறந்தவரின் மகள் வழக்கறிஞர், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். இவனுக்கு ரசிகர் மன்றம் இல்லை, சட்டையில் படம் போட்டு விற்பதில்லை. அவன் அழகாகவும் இல்லை, இறந்தவர்கள் இளமையாகவும் இல்லை.

ஏட்டுச்சுரைக்காய் | அதிகாலை 2.05

இதை நாளை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சின்னச் சேர்க்கை. லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஆளின் ஜாக் தி ரிப்பர் என்ற பெயரே 1888 செப்டம்பரில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்து. அதை எழுதியது யாரோ பத்திரிகைக்காரர்தான் என்று போலீஸ் அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். அதாவது, 130 வருஷமாக நாம் தேடிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பெயர் வைத்ததே ஒரு விற்பனைத் தந்திரமாக இருக்கலாம்.

செத்த ஐந்து பேருக்கு நிஜப் பெயர்கள் இருந்தன. மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. நிக்கோல்ஸ் அன்றிரவு தெருவில் இருந்ததற்குக் காரணம், விடுதிப் படுக்கைக்கு நான்கு பென்னி இல்லை. எடோஸ் குடித்திருந்ததற்காகக் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டு, இரவு ஒரு மணிவாக்கில் விடுவிக்கப்பட்டவர். அங்கேயே விடியும்வரை வைத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார்.

பெயர்_வேண்டாம் | அதிகாலை 2.37

பல வருஷமாக இங்கே படிக்கிறேன், எழுதியதில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் கொலை செய்யப்பட்டார். விவரம் சொல்ல மாட்டேன். யாராவது தேடிப் பார்ப்பீர்கள், அது உங்கள் தப்பு இல்லை, கை தானாகப் போகும்.

நடந்து சில வருஷம் கழித்து ஒரு வீடியோ சேனல் அதை ஒரு நிகழ்ச்சியாகப் போட்டது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. என் உறவுக்காரப் பையன் பள்ளியில் யாரோ காட்டித்தான் பார்த்தான். அவர் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டி, முகத்தின் மேல் சிவப்பு எழுத்து. அவர் கடைசியாக என்ன பேசியிருப்பார் என்று ஒருவர் குரல் மாற்றி நடித்துக் காட்டினார். நடுவில் மெத்தை விளம்பரம். கீழே கருத்துகளில், அவர் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனார் என்று விசாரணை. போன காரணம் எங்களுக்குத் தெரியும், மருந்து வாங்க.

என்னால் அவர்களை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ஏனென்றால் நானும் கேட்கிறேன். அரைத்தூக்கம், உங்களைப் போலவே ராத்திரியில். எங்கள் வழக்கில் ஆள் கிடைக்கவில்லை. மற்றவர்கள் வழக்கில் கிடைத்துவிடுகிறான். 2018-இல் கலிஃபோர்னியாவில் ஜோசப் டிஏஞ்சலோவைப் பிடித்தார்களே, நாற்பது வருஷம் கழித்து, தூரத்துச் சொந்தக்காரர்களின் டி.என்.ஏ.யை வைத்து, அதுவும் அவன் ஒரு முன்னாள் போலீஸ்காரன். அந்தப் பகுதியை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் தட்டுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவேன்.

ராவணன்77 | அதிகாலை 2.50

மன்னித்துவிடுங்கள். செஸ் என்று எழுதியதை நீக்கலாம் என்று பார்த்தேன், அப்புறம் கீழே இருக்கும் பதில்கள் புரியாமல் போகும், அதனால் விட்டுவிட்டேன்.

முடிச்சு | காலை 6.20

பெயர்_வேண்டாம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2013-இல் பாஸ்டன் குண்டுவெடிப்பு நடந்தபோது படங்களை வைத்துக்கொண்டு இணையத்தில் துப்பறிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஏற்கெனவே காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவன்தான் குற்றவாளி என்று கூட்டம் முடிவு கட்டியது. தவறு. அந்தப் பையன் அதற்கு முன்பே இறந்திருந்தான். அவனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த இரவு முழுக்க வசவு போனது. நான் எழுதியது இரண்டே வரி. அந்த இரண்டு வரியை இப்போதும் மறக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை | காலை 7.05

கொலையாளி பெயரையே சொல்லக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் அப்படித்தான் செய்தார், அவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்று. எனக்கு அது பிடித்திருந்தது. புகழுக்காகக் கொல்கிறவனுக்கு அது சரியான அடி. ஆனால் ரிட்ஜ்வே மாதிரி ஆளுக்கு அதனால் என்ன? அவன் யாருக்கும் தெரியாமல் இருக்கத்தானே விரும்பினான். அவன் பெயரை மறைப்பதைவிட 1987-க்கும் 2001-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் உருப்படி.

கயல், உங்கள் தோழி விஷயம். என் கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

கயல்_இரண்டாமவள் | காலை 7.11

இதை நான் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன் அண்ணா.

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்) | இரவு 11.20

நாள் முழுக்க வேலை நடுவில் இதையே படித்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்காரும் முன் ஒரு சோதனை செய்தேன். பண்டி கொன்றதாக ஒப்புக்கொண்டது 30 பேரை. அவர்களில் எத்தனை பேர் பெயர் எனக்குத் தெரியும் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு. இரண்டாவது பெயரில் எழுத்து சரியா என்று சந்தேகம். அவன் ஓட்டிய காரின் நிறம் தெரியும்.

தங்கையிடம் சொன்னேன். "சரி, விட்டுவிடப் போகிறாயா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நேற்று பாதியில் தூங்கிப்போன பகுதி இன்னும் நாற்பது நிமிஷம் மிச்சம் இருக்கிறது. காணாமல் போனவர் என்று சொன்னேனே, அந்த வழக்கு. அவர் கிடைத்தாரா என்று தெரிய வேண்டும். பெயரை மட்டும் இந்தத் தடவை முதலிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பெயர்_வேண்டாம், இன்னும் விழித்திருக்கிறீர்களா?

பெயர்_வேண்டாம் | இரவு 11.26

இருக்கிறேன். எந்த வழக்கு?